மேற்கத்திய இசை ஸ்கோர்களை நூலகத்தில் எப்படி வகைப்படுத்துவது, எப்படிப் பட்டியலிடுவது?

கேள்வி: பள்ளி நூலகர்

அனைவருக்கும் வணக்கம். ஒரு பள்ளியின் நூலகத்தைக் கவனித்து வருகிறேன். பல ஆண்டுகள் பியானோ கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தம்மிடமிருந்த மேற்கத்திய இசை ஸ்கோர்கள் (இசையைக் குறியீடுகளில் எழுதி அச்சிட்ட ஏடுகள்) ஏறத்தாழ நானூறையும் எங்கள் நூலகத்திற்கு அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறார். பாதிக்கு மேல் பியானோவுக்கானவை. வயலின், செல்லோ புத்தகங்கள், நால்வர் குழு வாசிப்பதற்கான தனித்தனிப் பார்ட்டுகள், பாடகர் குழுவுக்கான புத்தகங்கள், யாரோ கையால் நகலெடுத்த சில தாள்கள் ஆகியவையும் அவற்றோடு வந்தன.

எனக்கு ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு, ஓரளவு படிக்கத் தெரியும். ஆனால் நூலக அறிவியல் படித்தபோது ஸ்கோர்களைப் பற்றி நான் எதுவும் கற்கவில்லை. ஆகவே மற்ற புத்தகங்களுக்குச் செய்வதையே இவற்றுக்கும் செய்தேன். எல்லாவற்றுக்கும் டியூயி பகுப்பு முறையில் இசைக்குரிய 780 என்ற எண்ணைக் கொடுத்து, அட்டையில் இருந்த தலைப்பை அப்படியே கணினியில் பதிந்து, அகர வரிசையில் அடுக்கிவிட்டேன்.

சென்ற மாதம் இசை ஆசிரியர் வந்து பேத்தோவனின் 'மூன்லைட் சொனாட்டா' இருக்கிறதா என்று கேட்டார். தேடிப் பார்த்துவிட்டு இல்லையென்று சொல்லி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அலமாரியைத் துடைக்கும்போது அதே படைப்பு மூன்று இடங்களில் கண்ணில் பட்டது. ஒன்றின் அட்டையில் 'மோண்ட்ஷைன்சொனாட்டெ' என்று ஜெர்மன் மொழியிலும், இன்னொன்றில் 'சொனாட்டா குவாசி ஊனா ஃபாண்டாசியா' என்று இத்தாலிய மொழியிலும் அச்சிட்டிருந்தது. மூன்றாவதில் 'சொனாட்டாக்கள், முதல் தொகுதி' என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. பக்கங்களைப் புரட்டிய பிறகே உள்ளே அது இருப்பது தெரிந்தது.

எதை முதன்மையாக வைத்து அடுக்குவது? கருவியையா, இசையமைப்பாளரையா, சொனாட்டா, சிம்பொனி போன்ற வடிவத்தையா? பார்ட்டுகளை என்ன செய்வது? இன்னொன்றும் கேட்க வேண்டும். விரைவில் கர்நாடக இசையின் சுரக்குறிப்புப் புத்தகங்களும் சில எங்களுக்கு வரவிருக்கின்றன. அவற்றையும் இதே வரிசையில் சேர்த்துவிடலாமா?

பதில் 1: ஓய்வுபெற்ற பட்டியலாளர்

வணக்கம் அம்மா. அந்த மூன்று பிரதிகளும் அலமாரியில்தான் இருந்தன என்பதைச் சொன்னது நல்லதாயிற்று, ஏனென்றால் ஸ்கோர் பட்டியலாக்கத்தின் சிக்கல் முழுவதும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஒரு நாவலின் தலைப்புப் பக்கம் அந்த நாவலைத் திட்டவட்டமாக அடையாளம் காட்டிவிடும். ஸ்கோரின் தலைப்புப் பக்கமோ, பதிப்பகத்தார் அதை எந்த ஊரில் விற்க நினைத்தார்களோ அந்த ஊரின் மொழியைப் பேசும். எனவே தலைப்பை நம்பி அடுக்கவும் கூடாது, தலைப்பை மட்டும் பதிந்துவிட்டு நிறுத்தவும் கூடாது.

அடுக்குவதை முதலில் பார்ப்போம். ஸ்கோரைத் தேடி வருபவர் பெரும்பாலும் ஒரு கருவியை வாசிப்பவர். செல்லோ மாணவர் ஒருவர் செல்லோவுக்கு என்னென்ன இருக்கின்றன என்று ஒரே இடத்தில் நின்று புரட்டிப் பார்க்க விரும்புவாரே தவிர, பிராம்ஸ் எழுதிய அனைத்தையும் ஒருசேரப் பார்க்க விரும்பமாட்டார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இசைப் பிரிவுக்கு 1902இல் பொறுப்பேற்ற ஆஸ்கர் சோனெக் இதைத்தான் அடிப்படையாகக் கொண்டார். அவர் வகுத்து 1904இல் வெளியான பகுப்பில் 'எம்' என்பது இசை, அதாவது ஸ்கோர்கள். 'எம்எல்' என்பது இசையைப் பற்றிய நூல்கள். 'எம்டி' என்பது இசைக் கல்விக்கும் பயிற்சிக்கும் உரியவை. 'எம்' பிரிவுக்குள் தனிக்கருவி, இருவர், மூவர், நால்வர் என்று வாசிப்போரின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், ஆர்க்கெஸ்ட்ராவைக் கடந்து, பிறகு குரலிசைக்கு வருகிறது. பியானோ சொனாட்டா எம் 23. இரண்டு வயலின், ஒரு வயலா, ஒரு செல்லோ சேர்ந்த நால்வர் குழு எம் 452. சிம்பொனி எம் 1001.

ஆனால் பள்ளி நூலகத்தில் மற்ற புத்தகங்கள் டியூயி முறையில் இருக்கும்போது ஸ்கோர்களுக்கு மட்டும் வேறு முறையைக் கொண்டுவருவது வீண் தொல்லை. டியூயியிலேயே இதற்கு நல்ல வழி இருக்கிறது. 1989இல் வந்த 20ஆம் பதிப்பில் 780 பகுதி முழுவதையும் புதிதாக எழுதினார்கள். அதற்கு அடிப்படையாக அமைந்தது, பிரிட்டிஷ் இசை நூற்பட்டியலுக்காக இ. ஜே. கோட்ஸ் உருவாக்கி 1960இல் வெளியிட்ட பகுப்பு. ஒரு பொருளின் கூறுகளைத் தனித்தனியே பிரித்து, அவற்றை ஓர் ஒழுங்கில் கோத்து எண்ணை உருவாக்கும் அந்த வழியைக் கோட்ஸ் போன்றோருக்குக் காட்டியவர் நம் சீர்காழி நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். முத்துத் தாண்டவரின் ஊரில் பிறந்தவரின் சிந்தனை உலகத்து இசை அலமாரிகளுக்குள் இப்படிப் புகுந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

எண் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். பியானோவுக்கு 786.2. அடுத்து வடிவம் வரப்போகிறது என்பதற்கு அடையாளமாக 1. சொனாட்டாவுக்கு 83. மூன்றையும் கோத்தால் 786.2183. முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு 784.2 என்பதால் சிம்பொனி 784.2184 ஆகிறது. கருவி முன்னே, வடிவம் பின்னே என்னும் ஒழுங்கு மாறுவதில்லை. இதில் ஒரு குறை உண்டு: பியானோ இசையைப் பற்றிய ஆய்வு நூலுக்கும் பியானோ ஸ்கோருக்கும் டியூயி ஒரே எண்ணைத் தருகிறது. ஆகவே ஸ்கோர் என்றால் எண்ணுக்கு முன்னால் 'எம்' என்று ஓர் எழுத்தைச் சேர்த்துத் தனி அலமாரியில் வையுங்கள். எண்ணுக்குக் கீழே இசையமைப்பாளரின் பெயர்ச் சுருக்கம் வந்தால், கருவிக்குள் வடிவம், வடிவத்துக்குள் இசையமைப்பாளர் என்று வரிசை தானாகவே அமைந்துவிடும்.

அடுத்தது, இதைவிட முக்கியமானது, ஒருசீர்த் தலைப்பு. அட்டையில் என்ன எழுதியிருந்தாலும், ஒரு படைப்புக்கு ஒரே பெயரைத்தான் பட்டியல் ஏற்க வேண்டும். 'சொனாட்டா' போன்ற பொதுப் பெயர் கொண்ட படைப்புகளுக்கு அந்தப் பெயர் ஒரு கட்டுப்பாடான வரிசையில் அமையும். தங்கள் மூன்று பிரதிகளுக்கும் உரியது இது:

பேத்தோவன், லுட்விக் வான், 1770–1827. சொனாட்டாக்கள், பியானோ, எண் 14, ஓபஸ் 27, எண் 2, சி ஷார்ப் மைனர்.

ஓபஸ் என்பது படைப்பு அச்சில் வரும்போது இடப்படும் எண். பேத்தோவன் 32 பியானோ சொனாட்டாக்கள் எழுதியதால்தான் பெயர் பன்மையில் நிற்கிறது. 1802இல் அச்சில் வந்தபோது இருந்தது அந்த இத்தாலியத் தலைப்புதான். நிலவொளிப் பெயர், ரெல்ஷ்டாப் என்னும் விமர்சகர் செய்த ஒப்பீட்டிலிருந்து பிற்பாடு ஒட்டிக்கொண்டது. அதற்காக அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. 'மூன்லைட்', 'மோண்ட்ஷைன்' இரண்டையும் 'காண்க' குறிப்புகளாகக் கொடுத்து, தேடுபவரை இந்தத் தலைப்புக்கு அனுப்ப வேண்டும். 'மாயப் புல்லாங்குழல்' ஓபெரா போலத் தனிப்பெயர் கொண்டவற்றில் கருவியும் எண்ணும் தேவைப்படுவதில்லை. மூலமொழித் தலைப்பே ஒருசீர்த் தலைப்பாக நின்றுவிடும்.

வரிசை எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். மாணவர்கள் அதிகம் வாசிக்கும் மோட்சார்ட்டின் சி மேஜர் சொனாட்டா சில பதிப்புகளில் 15, சில பதிப்புகளில் 16. துவோர்ஷாக்கின் வாழ்நாளில் ஐந்து சிம்பொனிகளே அச்சானதால், இன்று ஒன்பதாவது என்று அழைக்கப்படும் 'புதிய உலகம்' பழைய பதிப்புகளில் ஐந்தாவது என்றே இருக்கும். மோட்சார்ட்டுக்கு லுட்விக் ஃபான் கோஷெல் 1862இல் வெளியிட்ட பட்டியலின் எண் நிலையானது. மேற்சொன்ன சொனாட்டாவைக் கே. 545 என்று பதிந்தால் குழப்பமே வராது. பாக்குக்கு 1950இல் வோல்ஃப்காங் ஷ்மீடர் வெளியிட்ட பிடபிள்யூவி எண், ஷூபர்ட்டுக்கு டாய்ச் எண் என்று பலருக்கும் இத்தகைய பட்டியல்கள் இருக்கின்றன. ஆனால் கோஷெல் காலவரிசையில் எண்ணிட்டார், ஷ்மீடர் படைப்பு வகையின் வரிசையில் எண்ணிட்டார். ஆகவே பாக்கின் எண்ணைப் பார்த்துவிட்டு இது இளமையில் எழுதியது, அது முதுமையில் எழுதியது என்று முடிவு செய்துவிடக் கூடாது.

தாங்கள் கோஹா என்னும் நூலக மென்பொருளைப் பயன்படுத்துவதாக இருந்தால், பட்டியல் பதிவுகளைக் கணினியில் அமைக்கும் மார்க் 21 வடிவத்தில் ஒருசீர்த் தலைப்புக்கு 240, கருவிகளுக்கு 382, ஓபஸ் போன்ற எண்களுக்கு 383, ஸ்கேலுக்கு (சி ஷார்ப் மைனர் போன்றது) 384 என்று தனிப்புலங்கள் உள்ளன.

பதில் 2: வயலா வாசிப்பவர்

மேலே உள்ள பதிலோடு முழுவதும் உடன்படுகிறேன். நான் நூலகர் அல்லன். நூலகங்களிலிருந்து ஸ்கோர் எடுத்து வாசிப்பவன். அந்த இடத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

எந்தப் படைப்பு என்று தெரிந்துகொண்டால் மட்டும் எனக்குப் போதாது. அது எந்த உருவத்தில் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். முழு ஸ்கோரில் எல்லாக் கருவிகளின் வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். வாசிப்போரை வழிநடத்தும் நடத்துநருக்கு உரியது அது. அதையே சிறிய அளவில் அச்சிட்டால் மினியேச்சர் ஸ்கோர். மேசையில் வைத்துப் படிக்கலாமே தவிர வாசிக்க முடியாது. வோகல் ஸ்கோரில் பாடுவோரின் வரிகள் முழுமையாகவும், ஆர்க்கெஸ்ட்ரா பியானோவுக்குச் சுருக்கப்பட்டும் இருக்கும். பார்ட் என்பது ஒரே ஒரு வாசிப்பவருக்குரிய வரி மட்டும் அடங்கிய ஏடு. இவற்றைப் பிரித்துச் சொல்லாத பட்டியலை நம்பிப் போய், நால்வர் குழுவுக்குப் பார்ட்டுகள் கிடைக்கும் என்று எண்ணி, உள்ளங்கை அகலத்தில் ஒரு மினியேச்சரை வாங்கிக்கொண்டு திரும்பிய நாள்கள் எனக்கு உண்டு.

பாடகர் குழுப் புத்தகங்களில் பதிப்பாசிரியரின் பெயரைக் கட்டாயம் பதியுங்கள். ஹாண்டலின் 'மெஸ்ஸையா'வுக்கு எபனேசர் ப்ரௌட் பதிப்பித்த வோகல் ஸ்கோர் ஒன்று, வாட்கின்ஸ் ஷா பதிப்பித்தது இன்னொன்று. பாட்டு ஒன்றுதான், ஆனால் பக்க எண்கள் ஒத்துவரமாட்டா. நாற்பது பேர் நிற்கும் ஒத்திகையில் பாதிப் பேர் ஒரு பதிப்பையும் மீதிப் பேர் வேறொரு பதிப்பையும் வைத்திருந்தால், நடத்துநர் ஒரு பக்க எண்ணைச் சொன்னதும் ஒத்திகை நின்றுவிடும். பியானோவுக்கும் இதே நிலைதான். விரல் எண்களையும் பெடல் குறிகளையும் பதிப்பாசிரியர் சேர்த்திருக்கிறாரா, மூலத்தைத் தழுவிய உர்டெக்ஸ்ட் பதிப்பா என்பதை ஆசிரியர்கள் முதலில் கேட்பார்கள்.

பார்ட்டுகளைப் பொறுத்தவரை, 'ஒரு ஸ்கோர், நான்கு பார்ட்டுகள்' என்று எண்ணிக்கையைப் பதிவிலேயே எழுதுங்கள். ஒவ்வொரு பார்ட்டிலும் சேர்க்கை எண்ணையும் அழைப்பு எண்ணையும் இட்டு, '4இல் 3' என்பது போல வரிசையையும் குறியுங்கள். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருமுறை நான் எடுத்த நால்வர் குழுத் தொகுப்பில் வயலா பார்ட் இல்லை. அதில் எந்த முத்திரையும் இல்லாததால், எங்கோ ஒரு வயலின் புத்தகத்தின் நடுவில் செருகப்பட்டு ஓராண்டுக்கு மேல் கிடந்திருக்கிறது. மற்ற மூன்று பார்ட்டுகளும் அந்த ஓராண்டும் யாருக்கும் பயன்படவில்லை.

ஸ்கோர்கள் மெல்லியவை, முதுகில் லேபிள் ஒட்ட இடம் இருக்காது. முன்னட்டையின் இடப்பக்கக் கீழ்மூலையில் ஒட்டினால், அலமாரியில் சிறிது இழுத்தவுடன் கண்ணில் படும். பழைய ஸ்கோர்களின் நடுவில் இருக்கும் ஸ்டேப்பிள் கம்பி நம் ஊரின் ஈரக்காற்றில் துருவேறித் தாளைத் தின்றுவிடும். அதை எடுத்துவிட்டு நடு மடிப்பில் நூலால் தைத்துக் கெட்டி உறைக்குள் கோத்து, பார்ட்டுகளுக்குப் பின்னட்டையில் ஒரு பை அமைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். சாதாரணப் புத்தகத்துக்குச் செய்வது போல ஓரத்தில் துளையிட்டுத் தைக்க விடாதீர்கள். ஸ்டாண்டில் விரித்து வைத்தால் அது தானாக மூடிக்கொள்ளும், வாசிப்பவருக்கு அதைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை பியானோ ஸ்கோர்களை மட்டும் தனியே எடுத்து எண் போடத் தொடங்கிவிட்டேன். இரண்டு இடங்களில் நின்றுவிட்டேன். சில அச்சுப் பிரதிகளில் ஆண்டே இல்லை. கையால் நகலெடுத்த தாள்களுள் ஒன்றில் 'மினுயெட், பாக்' என்று மட்டும் இருக்கிறது. மற்றொன்றில் பெயர்கூட இல்லை. இவற்றை எப்படிப் பதிவது?

பதில் 3: இசை வரலாற்று மாணவி

ஆண்டு இல்லாதவற்றுக்குப் பக்கத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். முன்பு இசையை உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார்கள்; எந்தத் தகடு எந்தப் படைப்புக்குரியது என்று தெரிவதற்காக ஒவ்வொரு தகட்டிலும் ஓர் எண்ணைப் பொறித்தார்கள். எல்லாப் பக்கங்களின் அடியிலும் திரும்பத் திரும்ப வரும் அந்தத் தகட்டு எண்ணை மார்க் 21இன் 028ஆம் புலத்தில் பதியலாம். ஓட்டோ எரிக் டாய்ச் போன்றோர் பதிப்பகங்களின் எண்களை ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பட்டியல்கள் தந்திருக்கிறார்கள். ஆனால் எண் காட்டுவது தகடு செதுக்கப்பட்ட காலத்தை. அதே தகட்டைக் கொண்டு பல ஆண்டுகள் கழித்தும் அச்சிட்டிருப்பார்கள். ஆகவே பதிவில் ஆண்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறியோடு கொடுப்பதே நேர்மையானது.

பெயரில்லாத கையெழுத்துப் பிரதிக்கு, தொடக்கச் சுரங்களே பெயர். முதல் சில அளவுகளின் (செங்குத்துக் கோடுகளால் பிரிக்கப்பட்ட தாளப் பகுதிகளின்) சுரங்களைப் பதிவிலேயே சேர்ப்பது நூலகங்களில் நெடுநாளாக உள்ள வழக்கம். 1964இல் பேரி புரூக்கும் மரி கூல்டும் ஒரு குறிமுறையை முன்வைத்தார்கள். சுரத்தின் எழுத்து, நீளம், ஸ்தாயி ஆகியவற்றை டைப்ரைட்டரில் இருக்கும் எழுத்துகளையும் எண்களையும் கொண்டே அதில் எழுதிவிடலாம். பழைய இசை மூலங்களைப் பட்டியலிடுவதற்காக 1952இல் தொடங்கப்பட்ட 'ரிஸ்ம்' என்னும் பன்னாட்டுத் திட்டம் அந்தக் குறிமுறையைப் பயன்படுத்துகிறது. அதன் இணையப் பட்டியலில் சுரங்களை உள்ளிட்டே தேடலாம், கட்டணமும் இல்லை.

தங்களிடமுள்ள 'மினுயெட், பாக்' ஜி மேஜரில் மூன்றடித் தாளத்தில் அமைந்திருக்கிறதா? முதல் அளவில் ஓரடி நீளத்துக்கு டி, பிறகு அரையடி நீளத்தில் ஜி, ஏ, பி, சி. இரண்டாம் அளவில் டி, ஜி, ஜி என்று ஓரடி ஓரடியாக வருகிறதா? அப்படியானால் அது பாக் எழுதியதே அன்று. பாக் தம் மனைவி அன்னா மக்டலேனாவுக்காக 1725இல் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தில் இசையமைப்பாளரின் பெயரின்றி அது இருந்ததால், நெடுங்காலம் எல்லோரும் அதைப் பாக்கின் படைப்பென்றே நம்பினார்கள். டிரெஸ்டனில் ஆர்கன் வாசித்த கிறிஸ்டியான் பெட்சோல்ட் எழுதியது அது என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஷ்மீடரின் பட்டியலில் அதன் எண் பிற்சேர்க்கை 114.

இதை முதன்மையாகப் பெட்சோல்ட்டின் பெயரில் பதியுங்கள். தாளில் எழுதியிருப்பதை மாற்றாமல் 'மினுயெட், பாக்' என்றே தலைப்புப் புலத்தில் எழுதிவிட்டு, பாக்கின் பெயரிலிருந்தும் ஒரு வழி கொடுங்கள். மாணவர்கள் இன்னும் பல நாள் அதைப் பாக் என்றுதான் கேட்பார்கள்; அவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது.

பதில் 4: வீணை ஆசிரியை

கர்நாடக இசையைப் பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். அவற்றை இதே வரிசையில் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மேலே சொன்ன ஏற்பாடு முழுவதும், இசையமைப்பாளர் ஒரு குறிப்பிட்ட கருவிக்காக எழுதினார் என்பதன்மேல் நிற்கிறது. 'வாதாபி கணபதிம்' எந்தக் கருவிக்கு எழுதப்பட்டது? பாடுவதற்காக இயற்றப்பட்ட அந்தக் கீர்த்தனையை நான் வீணையில் வாசிக்கிறேன். நாகசுரத்திலும் வயலினிலும் வாசிக்கிறார்கள். சாகித்தியம் எல்லோர் மனத்திலும் அதேதான். அதைக் குரலிசை என்று ஓர் எண்ணிலும், வீணைப் புத்தகத்தில் வந்ததாலேயே தந்திக் கருவி என்று இன்னோர் எண்ணிலும் பிரித்தால், ஒன்றாக இருக்க வேண்டியவை பிரிந்துபோகும்.

நம் இசையில் தேடுபவர் முதலில் சொல்வது பல்லவியின் தொடக்கச் சொற்களை; அடுத்துச் சொல்வது ராகத்தை. சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 72 மேளங்களின் (தாய் ராகங்களின்) வரிசையில் ராகம் ராகமாக அமைந்திருக்கிறது. கருவிக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. அதே வழியில் பல்லவியின் முதற்சொற்களை ஒருசீர்த் தலைப்பாக வைத்து, ராகம், தாளம், இயற்றியவர் மூன்றுக்கும் தேடுவழி அமையுங்கள்: வாதாபி கணபதிம், ஹம்சத்வனி, ஆதி, முத்துசுவாமி தீட்சிதர். 'ஹம்ஸத்வனி', 'அம்சத்வனி' என்று புத்தகத்துக்குப் புத்தகம் எழுத்து மாறும். மூன்லைட்டுக்குச் செய்தது போலவே ஒன்றை ஏற்று, மற்றவற்றிலிருந்து 'காண்க' கொடுக்க வேண்டும்.

பதில் 5: ஓய்வுபெற்ற பட்டியலாளர்

வீணை ஆசிரியை சொன்னதை அப்படியே ஏற்கிறேன். தனி வரிசைதான் சரி.

ஒன்றை விட்டுவிட்டேன். தங்களுடைய மூன்றாம் பிரதி ஒரு தொகுதி. தொகுதிக்கு ஒரு பதிவு செய்து நிறுத்தினால் உள்ளே இருப்பவை மறைந்தே கிடக்கும். ஒவ்வொரு சொனாட்டாவின் ஒருசீர்த் தலைப்பையும் அந்தப் பதிவிலேயே துணைப்பதிவாகச் சேர்க்க வேண்டும். நானூறுக்கும் ஒரே மூச்சில் செய்ய இயலாது. முதல் சுற்றில் எல்லாவற்றுக்கும் எண்ணும் இசையமைப்பாளர் பெயரும் ஒருசீர்த் தலைப்பும் போட்டு முடியுங்கள். தொகுதிகளை ஒரு தனித் தட்டில் ஒதுக்கி வைத்து, ஆசிரியர்கள் எந்தத் தொகுதியைக் கேட்கிறார்களோ அதை முதலில் எடுத்து உள்ளடக்கத்தைப் பிரித்துப் பதியுங்கள். பேத்தோவனின் அந்த முதல் தொகுதியிலிருந்தே தொடங்கலாம்.